ஓர் அடி ஸ்கேலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானும்

தொழில் செய்த நாட்களில் என்னைப் பலர் அவமானப்படுத்தியிருக்கிறார்கள். சிலர் கத்தினார்கள், சிலர் சிரித்தார்கள். ஒருவர் என் கடைப் பலகையில் ‘கணிப்பொறி’ தப்பாக எழுதப்பட்டிருந்ததைத் தன் சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்துவந்து காட்டினார். ஆனால் ஓர் அடி மரஸ்கேலை என் விரலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நுழைத்து அவமானப்படுத்தியவர் ஒரே ஒருவர்தான். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் அவ்வப்போது மாறுகிறது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அப்போது பதினொரு சின்னப் பட்டறைகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு பொதுச் சூளை வைத்திருந்தன. ஒருவர் பொம்மை செய்வார், ஒருவர் டீ கப் செய்வார், ஒருவர் மின்கம்பத்துக்கும் மீட்டர் பெட்டிக்கும் போகும் வெள்ளை ஃபியூஸ் கேரியர் செய்வார். யார் எதைச் செய்தாலும் கடைசியில் அது வேக வேண்டியது அந்த ஒரே சூளையில்தான். சூளைக்குள் போகும் தள்ளுவண்டியில் இந்த வாரம் யார் சரக்கு முதலில் ஏறும், யாருடையது காத்திருக்கும் என்பதற்கு ஒரு முறைப் பட்டியல் உண்டு. திங்கட்கிழமை காலை சூளை ஆபீஸ் வாசலில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். பட்டியலைப் போடுவதும் படிப்பதும், என் விரலுக்குக் குறுக்கே ஸ்கேலை நுழைத்த அந்தப் பெண்மணியின் வேலை. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பேட்டையில் அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். நானும் மேடம் என்பேன், கொஞ்சம் கிண்டலோடு. முதல் வாரத்திலேயே கிண்டல் போய்விட்டது, மேடம் மட்டும் நின்றுவிட்டது.

நான் யார் என்றால், ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டுத்தரச் சொல்லி ஊரே என்னைத் தேடியது. என்னிடம் ஒரு சிடி இருந்தது. மேலே மார்க்கர் பேனாவால் நானே பெயர் எழுதிய சிடி. அதைத் திறக்கும் இருபத்தைந்து எழுத்துச் சாவி எனக்கு மனப்பாடம். கல்யாண நாள் எது என்று மனைவி கேட்டால்தான் யோசிப்பேன், சாவிக்கு யோசிக்கவே மாட்டேன். போட்டோ ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, நர்சரி பள்ளி என்று விருத்தாசலத்தின் கம்ப்யூட்டர்கள் பாதி அந்த ஒரே சாவியில் திறந்தன. இதை ஒரு சேவை என்று மனதார நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் சூளை ஆபீஸுக்கும் போனேன். சிடியைப் போட்டேன். நீலத் திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. அது வந்தால் எஃப் எட்டை அழுத்த வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். என் விரல் இறங்கும்போது நடுவில் ஸ்கேல் வந்தது.

“என்ன பண்றீங்கண்ணே?”

“ஒண்ணுமில்ல மேடம். ஐ அக்ரி குடுக்கறேன்.”

“எதுக்கு அக்ரி?”

“அவங்க போட்டிருக்கிற கண்டிஷனுக்கு.”

“என்ன கண்டிஷன்?”

“அது... நெறைய இருக்குது மேடம்.”

“படிச்சிருக்கீங்களா?”

“இத யாரும் படிக்க மாட்டாங்க மேடம்.”

“யாரும் படிக்கலன்னா அப்புறம் எதுக்கு இம்மாம் நீட்டு எழுதி வெச்சிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் தேடும் முன்பே அடுத்ததைக் கேட்டார். “பொட்டி யாருதுண்ணே?”

“சங்கத்துது.”

“சங்கத்துப் பொட்டிக்கு நீங்க எப்படி ஒத்துக்குவீங்க? பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு நீங்க தட்டு மாத்துற மாதிரி இல்ல இருக்குது?”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை மானிட்டர் கண்ணாடியின் மேல் முதல் வரிக்கு அடியில் படுக்கவைத்தார். படித்தார். ஸ்கேலை ஒரு வரி இறக்கினார். படித்தார். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஸ்கேல் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. ஆங்கிலம் அவருக்குப் பள்ளிக்கூட அளவுதான். பக்கத்தில் முதுகு பிய்ந்த அகராதி ஒன்று. இரண்டாம் நாள் கரண்ட் போனது. மறுபடி என்னை வரவழைத்து, சிடி போடவைத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினார். விட்ட இடத்திலிருந்து படிக்கலாமே என்றேன். “நடுவுல எதுனா மாத்தியிருந்தா?” என்றார்.

நாலாம் நாள் சாயங்காலம் என் கடைக்கு வந்தார்.

“அண்ணே, ஒரு சிடி ஒரு பொட்டிக்குத்தானாம். எழுதியிருக்குது. உங்க சிடி எத்தனை பொட்டிக்குப் போயிருக்குது?”

“அது ஊர் பூரா போயிருக்கு மேடம்!” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஃபியூஸைப் போக்கியிருக்கலாம்.

சங்கத்தில் பேசி, காரணம் சொல்லி, பாண்டிச்சேரியிலிருந்து ஒரிஜினல் வாங்கவைத்தார். அட்டைப்பெட்டி, உள்ளே பளபளவென்று நிறம் மாறும் சிடி, பக்கவாட்டில் சாவி அச்சிட்ட ஸ்டிக்கர். சத்தியமாகச் சொல்கிறேன், ஏழு வருடம் அந்தத் தொழிலில் இருந்த நான் ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். சாவியைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இருபத்தைந்து எழுத்தை ஒருமுறை அடித்தால் மறக்காது. கூடவே, எந்தப் பெட்டியில் எந்தச் சாவி போட்டிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் ஒரு வித்தை போல அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். மை கம்ப்யூட்டரின் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ஒரு நீள நம்பர் வரும். ஒரே சாவியில் போட்ட பெட்டிகளில் அதன் நடு எண்கள் ஒன்றாகவே இருக்கும். அவர் அதையும் குறித்துக்கொண்டார். வித்தை காட்டுகிறவன் வாயை மூடிக்கொண்டு காட்ட வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவருடைய இந்தப் பழக்கத்துக்குக் கம்ப்யூட்டர் மட்டும் இலக்கு அல்ல. சூளைக்கு வெப்பம் அளக்கும் கருவி கூரியரில் வரும். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பான் கூரியர்க்காரன். நல்ல நிலை என்று பிரித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? பிரிப்பார், மாட்டிப் பார்ப்பார், சூடு காட்டுகிறதா என்று காத்திருப்பார். முதல் தடவை கூரியர்க்காரன் தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாம் தடவையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை அங்கேயே எடுத்துவந்து சாப்பிட ஆரம்பித்தான்.

அவர் கல்யாணம் மாதா கோயிலில் நடந்தபோது நானும் போயிருந்தேன். நமக்குப் பூசை முறை தெரியாது, எழுந்தால் எழுவது, உட்கார்ந்தால் உட்காருவது என்று இருந்தேன். சாமியார் ஒரு நீளமான கேள்வியைக் கேட்டு, சம்மதமா என்று முடித்தார். மாப்பிள்ளை அந்தக் கேள்வி முடிவதற்குள்ளேயே சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்தது இவர். சாமியார் கேட்டார். அமைதி. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் கழுத்தில் வியர்வை இறங்குவது மூன்றாம் வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது. பிறகு, “சம்மதம்.” வெளியே சோறு சாப்பிடும்போது, என்னம்மா இப்படிப் பண்ணிட்டே என்று யாரோ கேட்டதற்கு, “கேள்வி பெருசா இருந்துச்சு” என்றார். வேறு விளக்கம் இல்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஆட்கள் கான்ட்ராக்ட் தாளை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வரத் தொடங்கியது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் நான் பிரிண்டரை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். ஊரில் வேன் ஓட்டுகிறவர். டிரைவர் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், நாளைக் காலை கையெழுத்து, சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார். மேடத்திடம் சும்மா ஒரு பார்வை என்பதே கிடையாது. ஸ்கேல் இறங்கியது. மூன்றாவது தாளின் நடுவில் நின்றது.

“பாய், இதுல டிரைவர்னு இல்லீங்க. லோடர்னு இருக்குது. மூட்டை தூக்கறது.”

“ஏஜென்ட் டிரைவர்னுதாங்க சொன்னாரு.”

“அவரு வாயால சொன்னாரு. தாளு இப்படிச் சொல்லுது. நீங்க கையெழுத்துப் போடறது தாளுலதான?”

அந்த மனிதர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முதுகில் ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அதன்பின் திங்கட்கிழமைப் பட்டியலை எதிர்த்துப் பேட்டையில் யாரும் பேசவில்லை. அந்த அம்மா படித்துச் சொன்னால் சரி என்று ஒரு பேச்சு ஊரில் நின்றுவிட்டது. அந்தப் பேச்சுதான் அவருடைய சொத்து. நான் கைவைத்தது அதில்தான்.

பீங்கான் பேட்டைக் காற்றில் வெள்ளை மண் எப்போதும் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டீயில் ஆடைபோல் படியும். கம்ப்யூட்டர் ஃபேன் அந்த மண்ணை உள்ளே இழுத்து இழுத்து, ஒன்றரை வருடத்தில் சூளை ஆபீஸ் பெட்டிக்குள் ஒரு சின்னப் பட்டறையே நடத்தலாம் என்கிற அளவுக்குச் சேர்த்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மதர்போர்டு செத்தது. வேறு போர்டு மாற்றினேன். பெட்டி எழுந்தது. எழுந்த உடனே, உங்கள் கம்ப்யூட்டர் வெகுவாக மாறிவிட்டது, மூன்று நாளுக்குள் மறுபடி ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றது.

“அதே மேசை, அதே பொட்டி, அதே நானு,” என்றார் மேடம். “மண்ணு ரொம்பி ஒரு அட்டை போயிடுச்சி. இதுக்கு வேற ஆளாயிட்டன்னு சொல்லுமா? எங்க ஊர்ல ஒருத்தருக்குச் சர்க்கரைல கால எடுத்தாங்க. ரேஷன் கார்டையா மாத்தச் சொன்னாங்க?”

நியாயமான கோபம். எனக்கும் கோபம்தான், ஆனால் என் கோபத்தின் அடியில் ஒரு நடுக்கம் இருந்தது. நெட் வழியாக முயன்றேன். இந்தச் சாவி அனுமதித்த அளவைத் தாண்டிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது, போனில் கூப்பிடுங்கள் என்றது.

அது ஏன் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். நான் ஊருக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய சாவியைக் கம்பெனி சில மாதங்களுக்கு முன் கண்டுபிடித்து முடக்கிவிட்டது. ஸ்டுடியோவிலும் நர்சரி பள்ளியிலும் ‘இது திருட்டுப் பிரதி’ என்று திரையில் ஓயாமல் அறிவிப்பு. கடை வாசலில் சண்டை. அந்த அவசரத்தில் என் விரல்கள் நினைவில் வைத்திருந்த இருபத்தைந்து எழுத்துகளை எடுத்துக் கொடுத்தன. மேடத்தின் ஒரிஜினல் சாவி. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஆறு பெட்டிகள்.

கம்பெனியின் இலவச எண்ணுக்கு போன் போட்டோம். ஒரு கையில் ஸ்கேல், ஒரு கையில் பென்சில் வேண்டும் என்பதால் மேடம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். எதிர் நாற்காலியில் ஃபியூஸ்காரர் உட்கார்ந்திருந்தார். ஃபியூஸ் கேரியர் செய்கிற பட்டறையின் முதலாளி. தன் வண்டியை ஒரு நாள் முன்னால் தள்ளச் சொல்லி வாரம் ஒருமுறை கேட்பார், வாரம் ஒருமுறை முடியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவார். அன்றும் அதற்குத்தான் வந்திருந்தார். நவராத்திரிக்கு முன் பொம்மைக்காரர்கள் வண்டிகள் நெருக்கியடிக்கும் நேரம் அது.

எந்திரக் குரல் கேட்க, திரையில் தெரிந்த ஐம்பத்து நாலு எண்களை ஆறு ஆறாக மேடம் படித்தார். எந்திரம் திருப்தியடையாமல் ஒரு பெண்ணிடம் மாற்றியது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நான். திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவனையே துபாஷாகவும் வைத்த வழக்கு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஒண்ணுன்னு சொல்லுங்கண்ணே.”

“ஒன்,” என்றேன்.

எங்கள் பதிவில் ஏழு இருக்கிறதே என்றாள் அவள், மிக மரியாதையாக.

“என்னாண்ணே சொல்லுது?”

“லைன் க்ளியரா இல்லியாம் மேடம்.”

“செவன்னுச்சே?”

“அது... செவன் மினிட்ஸ் கழிச்சிக் கூப்பிடச் சொல்லுது.”

மேடம் என்னைப் பார்க்கவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பினார். “மேடம், ஐ ரீட் யுவர் அக்ரிமென்ட். ஃபுல். ஃபோர் டேஸ். ஒன் சிடி, ஒன் கம்ப்யூட்டர். யூ ரீட்?”

அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் அதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு, வாங்கிய ரசீதும் எழுத்தில் ஒரு விளக்கமும் ஃபேக்ஸில் அனுப்பினால் பரிசீலிப்போம் என்றாள்.

ஃபியூஸ்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் செவன் என்பது தெரியும்.

“ஏழா! ஏம்மா, எம்மாந் தெனம் கேட்டேன், ஒரு நாளு முன்னாடி தள்ளுன்னு. சட்டம் சட்டம்னியே. ஒன் சட்டம் என்னாத்துக்கு ஏழாப் பெருகுச்சி? ஊரு தாளையெல்லாம் படிச்சிச் சொல்றவ, ஒன் டப்பாவ ஊரு பூரா வாடகைக்கு வுட்டிருக்க போலக்குதே?”

“எனக்குத் தெரிஞ்சி ஒண்ணுங்க,” என்றார் மேடம். “தெரியாம எத்தனைன்னு தெரியாது. விசாரிச்சிட்டுச் சொல்றேன்.”

“திங்கக்கெழம சொல்லு. பதினோரு பட்டறை முன்னாடி சொல்லு. சொல்ல முடியலன்னா அந்தப் பட்டியல வேற யாரு கையிலனா குடுத்துட்டுப் போ.”

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்றால், அந்தக் கம்பெனி மேல். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு மறுபடி அனுமதி கேட்க வேண்டுமாம். எத்தனை பெட்டியில் இருக்கிறது என்று எங்கிருந்தோ எண்ணிக்கொண்டிருப்பார்களாம். ஒரு நேர்மையான பெண்ணைத் திருடி என்று சொல்வார்களாம். என்ன அநியாயம்! டீக்கடையில் உட்கார்ந்து இதை நாலு பேரிடம் உரக்கச் சொன்னேன். நாலு பேரும் கொதித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் பெட்டியில் ஓடியதும் அதே சாவிதான்.

வெள்ளியும் சனியும் மேடம் ஆபீஸில் இல்லை. ஒரு துண்டுத் தாளில் அந்த நடு எண்களை எழுதிக்கொண்டு, ஸ்கேலும் கையுமாகக் கடை கடையாகப் போயிருக்கிறார். ஒரு நிமிஷம் உங்க பொட்டியப் பாத்துக்கட்டுங்களா என்று கேட்டு, வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ். நான் கற்றுக்கொடுத்த வித்தை. ஒத்துப்போன இடத்தில் எல்லாம், இதை யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள்: “நம்ம கம்ப்யூட்டரு அண்ணன்தாங்க. ஒரிஜினலாக்கும்!”

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. தாசில்தார் வந்தபோதுகூட எழுந்ததில்லை.

“உக்காருங்கண்ணே.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்ல நாலைந்து வாக்கியங்கள் தயாராக இருந்தன, கம்பெனியின் அநியாயத்தைப் பற்றி. அவர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். சங்கத்துக்கு ஒரு பிரதி, கம்பெனிக்கு ஒரு பிரதி. கையால் எழுதியது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம் விட்டு.

எனக்குத் தாளைப் பார்க்கவே கூசியது. முடிந்தால் போதும் என்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். தாளுக்கும் பேனாவுக்கும் நடுவில் ஸ்கேல் வந்தது.

“படிச்சீங்களா?”

“எதுக்கு மேடம்? நான் பண்ணதுதான.”

“நீங்க பண்ணதத்தான் எழுதியிருக்கனான்னு பாக்க வேணாமா?”

ஸ்கேல் முதல் வரிக்கு அடியில் உட்கார்ந்தது. நான் படித்தேன். ஸ்கேல் இறங்கியது. சூளைச் சங்கம் முறையாக வாங்கிய மென்பொருளின் சாவியை நான் சங்கத்துக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று இருந்தது. சரிதான். இறங்கியது. சங்கப் பணியாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சரி. இறங்கியது. சாவி அச்சிட்ட பெட்டியைப் பூட்டி வைக்காதது மட்டும் பணியாளரின் கவனக்குறைவு. தன்னைப் பற்றி அவரே எழுதியிருந்தார். அடுத்த வரி: கீழ்க்கண்ட ஐந்து இடங்களில் அதைப் பயன்படுத்தினேன். ஐந்து இடங்களின் பட்டியல்.

நான் நின்றேன். ஸ்கேலும் நின்றது.

“என்னாண்ணே?”

ஆறாவது என் வீட்டில் இருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்புகிற நகைச்சுவைக் கட்டுரைகளை அதில்தான் எழுதுவேன். நாட்டில் நேர்மை தேய்ந்து போனதைப் பற்றி அப்போது ஒன்று பாதியில் நின்றிருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“அஞ்சில்ல மேடம்,” என்றேன். “ஆறு. ஒண்ணு எங்க வூட்ல.”

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினார். பட்டியலின் அடியில் என் வீட்டைச் சேர்த்தார். திருத்திய இடத்தில் பக்கத்தில் என்னைச் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஸ்கேல் மறுபடி இறங்கத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தப் பொண்ணு ஏழுன்னு சொல்லுச்சே மேடம். உங்களது போனா ஆறு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் அஞ்சுன்னு எழுதினீங்க?”

“நான் பாத்தது அஞ்சு. பாக்காதத எப்படிண்ணே எழுதறது?”

திங்கட்கிழமை காலை பதினொரு பட்டறைக்காரர்களும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். நானும் ஓரமாக நின்றேன், நிற்கச் சொன்னதால். மேடம் முதலில் என் கடிதத்தைப் படித்தார். பட்டியல் படிக்கிற அதே குரலில், எந்த வார்த்தைக்கும் அழுத்தம் கொடுக்காமல், ஆறு இடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக. ‘எங்கள் வீட்டில்’ என்ற இடத்தில் பொம்மைக்காரர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கடிதத்தை மடித்துவிட்டு, மேடம் முறைப் பட்டியலை எடுத்தார். அது கையால் எழுதியது. கம்ப்யூட்டர் முந்தின நாளே பூட்டிக்கொண்டுவிட்டது. பூட்டும் முன்பே அதிலிருந்து வரி வரியாகப் பார்த்து எழுதி வைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபியூஸ்காரர் வண்டிக்கு மூன்றாவது இடம். போன வாரம் சொன்ன அதே மூன்றாவது இடம்.

கம்பெனி ஃபேக்ஸைப் படித்து, மூன்று நாள் கழித்துத் திறப்பு எண்ணைக் கொடுத்தது. அந்த ஆறு பெட்டிகளிலும் நானே போய் அழித்தேன். ஒரிஜினல் என்று சொன்னாயே என்று ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டார்கள். ஆறாவது என் மனைவி. அவள் கேட்டதைத்தான் இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிற கோபம் அந்தத் திங்கட்கிழமையைச் சேர்ந்ததுதான். மேடம் உள்ளே போய்விட்டார். கூட்டம் கலைந்தது. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பின்னால் செருப்புச் சத்தம். ஃபியூஸ்காரர். தோளில் கைபோட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

“தம்பி, நம்ம வூட்லயும் ஒரு பொட்டி வாங்கிப் போட்டிருக்கான் பையன். டெய்லி திருட்டு திருட்டுன்னு காட்டுதாம். அந்த நம்பரு ஒனக்கு மனப்பாடமாமே?”

இருபத்தைந்து எழுத்தும் வரிசையாக நாக்கு நுனிவரை வந்து நின்றன. திறந்த ஜன்னல் வழியே மேடம் தெரிந்தார். யாரோ நீட்டிய தாளின் மேல் ஸ்கேல் அப்போதுதான் முதல் வரிக்கு அடியில் உட்கார்ந்தது.

விழுங்கினேன். பேட்டை மண்ணின் ருசியோடு இறங்கியது.